ஃபார்மட் அடிக்கும் முன்: ஓஎஸ் அப்கிரேடுக்குப் பின் பேக்கேஜ்கள் ஏன் முட்டிக்கொள்கின்றன?

2025 மே மாதத்தோடு லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 20.04 பதிப்புக்கான வழக்கமான இலவச ஆதரவு முடிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் முடிந்தது. இதனால் பழைய கணினியில் லினக்ஸ் ஏற்றியவர்களும், லினக்ஸிலேயே இருந்து அடுத்த பதிப்புக்கு ஏறியவர்களும் ஒரே மாதிரியான குழப்பத்தில் மாட்டுகிறார்கள்.

காட்பாடியில் ஒரு டிடிபி சென்டர் என்று வைத்துக்கொள்வோம். கடை மூடும் நேரத்தில் அப்கிரேடை ஓடவிட்டுப் போகிறார்கள். காலையில் கணினி திறக்கிறது. ஆனால் பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அசையவில்லை. தமிழ்99 விசைப்பலகையைக் காணோம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை உலாவி கண்டுகொள்ளவில்லை. கணக்கு மென்பொருள் திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது. கூப்பிட்டு வரும் ஆள் சொல்லும் முதல் வார்த்தை, “ஃபார்மட் அடிச்சுடலாம்.”

பெரும்பாலும் அது தேவையில்லை. அப்கிரேடுக்குப் பிறகு வரும் கோளாறுகளில் பல, எதுவோ கெட்டுப்போனதால் வருவதில்லை. வெவ்வேறு இடத்திலிருந்து வந்த மென்பொருள்கள் வெவ்வேறு தலைமுறையில் நிற்பதால் வருகின்றன. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இந்த மென்பொருள் எங்கிருந்து வந்தது?” என்பதுதான்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே ஒலிக்கும் விதத்தில் எழுதியிருக்கிறேன். கணினியின் முனையத்தில் (கட்டளை தட்டும் சாளரம்) தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். கணினியில் மாற்றம் செய்யும் கட்டளைகளுக்கு முன்னால், நிர்வாகி உரிமை தரும் ‘சூடோ’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும்.

பேக்கேஜ் என்றால் என்ன?

உபுண்டு, லினக்ஸ் மின்ட், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் எல்லாவற்றுக்கும் வேர் 1993-இல் தொடங்கிய டெபியன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2011 முதல் தந்த இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு சேர்ந்து இருந்ததே, அதே பாஸ்தான். அந்த மடிக்கணினி இன்னும் வீட்டில் ஓடுகிறது என்றால், இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

இந்தக் குடும்பத்தில் மென்பொருள் ‘டெப்’ என்னும் பொதியாக வருகிறது. அதைத்தான் பேக்கேஜ் என்கிறோம். அதற்குள் மூன்று சங்கதிகள் இருக்கும்: கணினியில் போய் உட்கார வேண்டிய கோப்புகள், ‘நான் ஓட இன்னின்ன பேக்கேஜ், இன்ன பதிப்பில் வேண்டும்’ என்ற சார்புப் பட்டியல், நிறுவும்போதும் நீக்கும்போதும் ஓட வேண்டிய சிறு நிரல்கள்.

இவற்றைக் கையாள இரண்டு பேர் உண்டு. டிபிகேஜி என்பது கையில் கொடுத்த மூட்டையைப் பிரித்து அடுக்கும் ஆள். அடுத்த மூட்டை எங்கே கிடைக்கும் என்று அதற்குத் தெரியாது. ஆப்ட் என்பது பட்டியல் வைத்திருக்கும் கணக்குப்பிள்ளை. எந்த மூட்டைக்கு எது துணை, எந்தக் கிடங்கில் இருக்கிறது என்று பார்த்து வரவழைத்து, டிபிகேஜியிடம் ஒப்படைக்கும். அந்தக் கிடங்குக்கு ரெபாசிட்டரி என்று பெயர்.

இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ள வேண்டும்: நூலகம். பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு அது. பாதுகாப்பான இணைப்புக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் ஒரு நூலகம். அதை நூற்றுக்கணக்கான மென்பொருள்கள் நம்பியிருக்கின்றன. ஒரு தூணை மாற்றினால் அதன்மேல் நிற்கும் எல்லா உத்தரமும் ஆடும் அல்லவா, அதுபோல.

மூன்று சொற்கள், மூன்று வேலைகள்

1. ‘ஆப்ட் அப்டேட்’ எந்த மென்பொருளையும் மாற்றாது. கிடங்கில் இன்று என்ன இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் புதுப்பிக்கும்.

2. ‘ஆப்ட் அப்கிரேட்’ இருக்கும் பதிப்புக்குள்ளேயே திருத்தங்களைக் கொண்டுவரும். 22.04 என்றால் 22.04-ஆகவே இருக்கும்.

3. ‘டூ ரிலீஸ் அப்கிரேட்’ (மூன்று சொல்லுக்கும் இடையில் கோடு) உபுண்டுவின் பதிப்பையே மாற்றும். குழப்பங்கள் பிறப்பது இங்கேதான்.

உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒன்று வருகிறது. நடுவில் ஒன்றைத் தாண்டிக் குதிக்க முடியாது. 20.04-இல் இருப்பவர் 22.04-க்குப் போய், அங்கே எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் 24.04-க்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே ராத்திரியில் முடித்துவிட நினைப்பது ஆபத்து. எந்தப் படியில் கோளாறு நுழைந்தது என்றே பிறகு கண்டுபிடிக்க முடியாது.

மாவட்டம் பிரிந்தபோது நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறது

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் ஒருமுறை பிரிந்தது. மிச்சமிருந்த வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆற்காட்டில் இருப்பவரின் வீடு நகரவில்லை, தெரு மாறவில்லை. ஆனால் மனு கொடுக்க வேண்டிய கலெக்டர் அலுவலகம் மாறிவிட்டது. பழைய முகவரியையே எழுதிக்கொண்டிருந்தால் மனு சரியான மேசைக்குப் போகாது.

உபுண்டுவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு செல்லப்பெயர் உண்டு. 20.04 ஃபோகல், 22.04 ஜாமி, 24.04 நோபிள். கிடங்கின் முகவரியில் இந்தப் பெயரும் சேர்ந்திருக்கும். அப்கிரேட் செய்யும் கருவி உபுண்டுவின் சொந்தக் கிடங்கு முகவரிகளை ஜாமியிலிருந்து நோபிளுக்கு மாற்றிவிடும். நீங்கள் தனியாகச் சேர்த்த வெளிக் கிடங்குகளை அப்படி மாற்ற அதற்கு உரிமை இல்லை. அங்கே புதிய பதிப்புக்கான பேக்கேஜ் இருக்கிறதா என்றும் அதற்குத் தெரியாது. ஆகவே அந்த வரிகளைச் செயலிழக்கச் செய்துவிடும்.

விளைவு என்ன? அந்தக் கிடங்கிலிருந்து வந்த மென்பொருள் கணினியில் அப்படியே இருக்கும். ஆனால் அதற்கு இனி திருத்தம் வராது. அது நம்பியிருந்த பழைய நூலகம் போயிருக்கலாம். இப்படித்தான் ஒரு மென்பொருள் அநாதையாகிறது.

யார் அநாதை என்று பார்க்க வழி உண்டு. ‘ஆப்ட் பாலிசி’ என்று தட்டி, பக்கத்தில் பேக்கேஜின் பெயரைத் தட்டுங்கள். இப்போது இருக்கும் பதிப்பு, கிடைக்கக்கூடிய பதிப்பு, அவை வரும் இடம் ஆகியவை தெரியும். கிடங்கிலிருந்து வருவதற்குப் பொதுவாக 500 என்ற எண் இருக்கும். வெறும் 100 என்று போட்டு, டிபிகேஜியின் ‘ஸ்டேட்டஸ்’ கோப்பை மட்டும் காட்டினால் எந்தக் கிடங்கும் இப்போது அந்தப் பதிப்புக்குப் பொறுப்பேற்கவில்லை என்று அர்த்தம். வெளியிலிருந்து டெப் கோப்பாக இறக்கி நிறுவியவையும் இப்படித்தான் காட்டும்.

அடுத்து, அந்த மென்பொருளைத் தருபவர் புதிய பதிப்புக்குக் கிடங்கு வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் முகவரியில் பெயரை மாற்றி, வரியை மீண்டும் செயல்படுத்தலாம். இல்லையென்றால் அந்த மென்பொருளை நீக்கிவிட்டு மாற்று தேடுவதே நல்லது. நோபிள் கணினியில் ஃபோகல் முகவரியை அப்படியே திறந்துவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய நூலகங்களும் புதியவையும் கலந்துவிட்டால், பிரித்தெடுப்பது பெரும்பாடு.

எந்த வரிசையில் பார்ப்பது?

கண்ணில் பட்ட கோளாறிலிருந்து தொடங்கக் கூடாது. அடியிலிருந்து மேலே வர வேண்டும்.

1. அப்கிரேட் முழுதாக முடிந்ததா? நடுவில் கரண்ட் போயிருந்தால் சில பேக்கேஜ்கள் பிரித்தபடி, அமைவு முடியாமல் நிற்கும். பயப்பட வேண்டாம். எந்தப் பேக்கேஜ் எந்த நிலையில் நிற்கிறது என்று டிபிகேஜி குறித்து வைத்துக்கொண்டேதான் போகிறது. ‘டிபிகேஜி’ என்று தட்டி, இரண்டு கோடு போட்டு ‘கான்ஃபிகர்’, பிறகு ஒரு கோடு போட்டு ‘ஏ’ என்று தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அடுத்து ‘ஆப்ட்’, இரண்டு கோடு போட்டு ‘ஃபிக்ஸ்-ப்ரோக்கன்’, அப்புறம் ‘இன்ஸ்டால்’. அறுந்துபோன சார்புகளை அது ஒட்டவைக்கும். எதையெல்லாம் நீக்கப்போகிறது என்று அது காட்டும் பட்டியலைப் படிக்காமல் ‘ஒய்’ அழுத்தாதீர்கள். அதில் உங்கள் டெஸ்க்டாப்பின் பெயரே இருக்கலாம்.

2. திரையே வரவில்லையா? கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் எழுத்து மட்டும் உள்ள முனையம் கிடைக்கும். மேலே சொன்ன இரண்டு கட்டளைகளும் அங்கேயே வேலை செய்யும்.

3. ‘பூட்டைப் பெற முடியவில்லை’ என்று பிழை வருகிறதா? வேறொரு ஆப்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. கணினி தானாகவே பாதுகாப்புத் திருத்தங்களை இறக்கிக்கொண்டிருக்கலாம். பத்து நிமிடம் காத்திருங்கள். பூட்டுக் கோப்பை அழித்துவிடச் சொல்லும் யோசனை பரவலாகச் சுற்றுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு கைகள் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதினால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகும்.

4. இடம் இருக்கிறதா? ‘பூட்’ பகுதியைத் தனியாகச் சிறிதாகப் பிரித்து வைத்திருக்கும் கணினிகளில், பழைய கர்னல்கள் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) சேர்ந்து அது நிரம்பிவிடும். புதிய கர்னலை எழுத முடியாமல் அப்கிரேட் அரைகுறையாக நிற்கும். ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ பழையவற்றை நீக்கும். இப்போது ஓடும் கர்னலைக் கையால் நீக்க முனைய வேண்டாம்.

5. இந்த நான்கும் சரி என்றால்தான் ‘எங்கிருந்து வந்தது’ என்ற கேள்விக்குப் போக வேண்டும்.

அமைவுக் கோப்பு பற்றிக் கேட்கும் அந்தக் கேள்வி

அப்கிரேட் ஓடும்போது நடுவில் நின்று, ‘இந்த அமைவுக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். பேக்கேஜ் தரும் புதிய கோப்பை வைக்கவா, உங்களுடையதையே விடவா?’ என்று கேட்கும். பலர் அவசரத்தில் எதையோ அழுத்திவிடுகிறார்கள். பிரிண்டர் பகிர்வு, வெப் சர்வர், டேட்டாபேஸ் அமைவு எல்லாம் மாறிப்போவது இந்த ஒரு நொடியில்தான்.

தெரியாவிட்டால் உங்கள் பழைய கோப்பையே விடுங்கள். எதுவும் தட்டாமல் என்டர் அடித்தாலும் பொதுவாக அதுதான் நடக்கும். அப்போது புதிய கோப்பு ‘டிபிகேஜி-டிஸ்ட்’ என்ற வாலோடு பக்கத்திலேயே இருக்கும். புதியதை ஏற்றுக்கொண்டிருந்தால் உங்கள் பழையது ‘டிபிகேஜி-ஓல்ட்’ என்ற வாலோடு இருக்கும். எது நடந்திருந்தாலும் மற்றது தொலைந்துபோகவில்லை. அமைவுக் கோப்புகள் இருக்கும் ‘இடிசி’ அடைவில் (ஃபோல்டரில்) இந்த வால் உள்ள கோப்புகளைத் தேடி, இரண்டையும் ஒப்பிட்டால் எது மாறியது என்று தெரிந்துவிடும். ஒருநாள் முழுக்கத் தேடிய கோளாறு இந்த ஒப்பீட்டில் ஐந்து நிமிடத்தில் பிடிபடுவது உண்டு.

தலைமுறை மாறிய நூலகங்கள்

கணக்கு மென்பொருள், பள்ளியின் கட்டணப் பதிவு, லாட்ஜ் அறைப் பதிவு போல உள்ளூரில் யாரோ எழுதிக் கொடுத்த நிரல்கள் அதிகம் அடிபடுவது இங்கே.

ஓப்பன்எஸ்எஸ்எல்: 20.04-இல் 1.1.1 இருந்தது. 22.04-இல் 3.0 வந்தது. பழையதை எதிர்பார்க்கும் மென்பொருள், ‘லிப்எஸ்எஸ்எல் 1.1 இல்லை’ என்று சொல்லி நின்றுவிடும். எங்கிருந்தாவது அந்தப் பழைய பேக்கேஜை இறக்கிப் போடுவது பலரும் செய்யும் வேலை. ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டம் 1.1.1-க்கான பொது ஆதரவை 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. பணம் போய்வரும் கணினியில் திருத்தம் வராத பாதுகாப்பு நூலகத்தை வைப்பது, பூட்டை மாட்டிச் சாவியை அதிலேயே விட்டுப்போவதற்குச் சமம். மென்பொருளை எழுதியவரிடம் புதிய பதிப்பு கேளுங்கள்.

பைத்தான் என்ற நிரல்மொழி: 20.04-இல் 3.8, 22.04-இல் 3.10, 24.04-இல் 3.12. பழைய பைத்தானை வைத்து உருவாக்கிய மெய்நிகர் சூழல் (ஒரு நிரலுக்கென்று தனியே ஒதுக்கிய பைத்தான் அடைவு), அப்கிரேடுக்குப் பின் ஓடாது. அதைச் சரிசெய்ய மெனக்கெடாமல், தேவையான நூலகங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு புதிதாக உருவாக்குவதே சுருக்கமான வழி. 3.12-இல் ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்ற பழைய பகுதியையே எடுத்துவிட்டார்கள். அதை நம்பிய நிரல்கள் திருத்தம் இல்லாமல் ஓடாது.

இன்னொரு மாற்றம்: புதிய பதிப்புகளில் பைத்தான் நூலகங்களை நிறுவும் ‘பிப்’ கருவியைக் கொண்டு நேரடியாக நிறுவ முயன்றால், இந்தச் சூழலை வெளியே ஒருவர் நிர்வகிக்கிறார் என்று மறுத்துவிடும். அந்த ஒருவர் ஆப்ட். ஆப்ட் வைத்திருக்கும் பைத்தான் கோப்புகளைப் பிப் மிதித்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தத் தடை. இதை மீற ஒரு தேர்வு உண்டு. அதன் பெயரே ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’. பெயரில் உள்ளதை நம்புங்கள். அதேபோல, கணினியின் மூல பைத்தானை வேறு பதிப்புக்குத் திருப்பிவிடாதீர்கள். அப்கிரேட் கருவியே அந்தப் பைத்தானில்தான் ஓடுகிறது.

பிஎச்பி (இணையதளங்களுக்கான நிரல்மொழி): 7.4, 8.1, 8.3 என்று ஏறியிருக்கிறது. 7-லிருந்து 8-க்கு வரும்போது பழைய நிரலின் பல வரிகள் பிழையாகும். இது பேக்கேஜ் கோளாறு அல்ல, நிரலைத் திருத்தினால்தான் தீரும்.

போஸ்ட்கிரெஸ் (ஒரு டேட்டாபேஸ்): இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 12, 14, 16 என்று மாறும்போது பழைய தரவு தானாகப் புதிய பதிப்புக்கு நகராது. பழையதும் புதியதும் அருகருகே நிற்கும். அப்கிரேட் முடியும் தறுவாயில், ‘காலாவதியான பேக்கேஜ்களை நீக்கவா?’ என்று கருவி கேட்கும். ஆம் என்று சொல்லிவிட்டால் பழைய சர்வர் நிரல் போய்விடும். தரவுக் கோப்புகள் வட்டில் கிடக்கும், திறக்க ஆள் இருக்காது. தரவை மாற்றி முடிக்கும்வரை அந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்கிரேடுக்கு முன்பே முழுத் தரவையும் ஒரு கோப்பாக வெளியே எடுத்து வைத்திருந்தால் நிம்மதி.

தமிழ் தட்டச்சு, பிரிண்டர், டோக்கன்

தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையும், எம்17என் என்ற பேக்கேஜும் சேர்ந்து தருகின்றன. காணாமல் போயிருந்தால் ‘ஐபஸ்-எம்17என்’ இன்னும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆட்டோரிமூவ் அதை எடுத்துப் போயிருக்கலாம். மீண்டும் நிறுவி, ஒருமுறை வெளியேறி நுழைந்து, விசைப்பலகை அமைவில் தமிழைச் சேர்த்தால் வந்துவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை வீட்டு அடைவில் வைத்திருந்தால் அவை அப்படியே இருக்கும். பட்டியலில் தெரியாவிட்டால் ‘எஃப்சி-கேஷ்’ கட்டளை பட்டியலைப் புதுப்பிக்கும்.

பிரிண்டர் விஷயத்தில், அதன் ஓட்டுநிரல் உபுண்டு கிடங்கிலிருந்து வந்ததா, தயாரிப்பாளரின் டெப் கோப்பிலிருந்து வந்ததா என்பதுதான் முக்கியம். பழைய பில் பிரிண்டர்களுக்கான சில ஓட்டுநிரல்கள் 32-பிட் ரகம். உபுண்டு 19.10 முதல் 32-பிட் பேக்கேஜ்களைக் குறைத்து, ஒரு சிறு தொகுப்பை மட்டும் வைத்திருக்கிறது. அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் எழுதும் பிழைப் பதிவில் ‘ஃபில்டர் தோல்வி’ என்று வந்தால் இந்தத் திசையில் தேடுங்கள்.

டோக்கன் தெரியாததற்குக் காரணம் வேறு. 22.04 முதல் உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ், டெப் பேக்கேஜாக இல்லாமல் ஸ்னாப் என்ற அடைக்கப்பட்ட வடிவில் வருகிறது. பாதுகாப்புக்காக, கணினியின் மற்றப் பகுதிகளை அது சுதந்திரமாகத் தொட முடியாது. டோக்கனின் ஓட்டுநிரல் அந்தச் சுவருக்கு வெளியே இருந்தால் உலாவிக்குத் தெரியாமல் போகலாம். மோசில்லா தன் சொந்தக் கிடங்கில் தரும் டெப் வடிவத்தை நிறுவினால் இந்தச் சுவர் இருக்காது.

எந்த நாளில் செய்வது?

மின் வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளிலோ அதற்கு முந்தைய இரவிலோ வேண்டாம். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு 11, 20 தேதிகள் கெடு. ஆகவே 20 கழிந்து செய்தால், சரிசெய்யக் கைநிறைய நாள் இருக்கும். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் தொடங்கவே கூடாது. முந்தின நாள், புதிய பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே திறந்து பிரிண்டர் அடிக்கிறதா, தமிழ் வருகிறதா என்று பார்த்துவிடலாம். இந்த அரைமணி நேரம் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஃபார்மட் எப்போது சரி?

மூன்று சூழலில் நானே அதைத்தான் சொல்வேன்: வட்டு பழுதாகி, கோப்புகளைப் படிப்பதிலேயே பிழை வரும்போது, வெவ்வேறு பதிப்புகளின் அடிப்படை நூலகங்கள் ஏற்கெனவே கலந்துவிட்டபோது, 18.04 போல மிகப் பழைய பதிப்பிலிருந்து மூன்று படி ஏற வேண்டியிருக்கும்போது.

அப்போதும் இரண்டு வேலைகளை முதலில் முடிக்க வேண்டும். ஒன்று, வீட்டு அடைவு, ‘இடிசி’ அடைவு, டேட்டாபேஸ் ஆகிய மூன்றையும் வெளி வட்டில் எடுத்து வைப்பது. இரண்டு, ‘ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்’ தரும் பட்டியலை ஒரு கோப்பில் சேமிப்பது. சார்பாகத் தானே வந்தவற்றை விட்டுவிட்டு, கேட்டு நிறுவியவை என்று கணினி குறித்து வைத்திருப்பதை மட்டும் அது காட்டும்.

அந்தப் பட்டியலைப் புதிய கணினியில் மொத்தமாகக் கொட்டி நிறுவ வேண்டாம். நடுவில் சில பேக்கேஜ்களின் பெயர் மாறியிருக்கும், சில இல்லாமலே போயிருக்கும். ஒவ்வொரு பெயரையும் ‘ஆப்ட் பாலிசி’யில் போட்டுப் பாருங்கள். உபுண்டு கிடங்கில் இருந்தால் நிறுவுங்கள். இல்லாதவற்றைத் தனியே ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே அதை யார் தந்தார், எந்தக் கிடங்கு, யாரைக் கேட்க வேண்டும் என்று குறித்து, கணினி மேசையிலேயே ஒட்டி வையுங்கள். அடுத்த அப்கிரேடின்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.